தோளுக்குப் பின்னால் தெரியும் எங்கள் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈப்போ பழைய பட்டணத்துச் சந்துகளில் கழுத்தில் பிலிம் கேமராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் நடமாடுவதை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அப்பாவின் அலமாரியில் கிடந்த யாஷிகா, தாத்தா எப்போதோ வாங்கி வைத்த ஒலிம்பஸ் ட்ரிப், சிலர் கையில் நிக்கான் எஃப்எம்2 கூட. ஆனால் அவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் முக்கால்வாசி சுவர் ஓவியம், காப்பிக் கடை, அப்புறம் 1917-ல் கட்டி முடித்த அந்த வெள்ளை ரயில் நிலையம். நல்ல கட்டடம்தான், நானும் எடுத்திருக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அதே கேமராவோடு கொஞ்சம் வடக்கே, எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வாருங்கள். இல்லையென்றால் உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்து ஊரிலிருந்து வந்தார்களோ அங்கே போங்கள். போய், யாரையும் நிற்க வைத்து எடுக்காமல், ஊரையே எடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வீட்டு ஆல்பங்களில் ஊர் இல்லை. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தீபாவளிப் புதுத்துணி, பள்ளி விளையாட்டுப் போட்டி, இறந்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்து சொந்தபந்தம் சுற்றி நின்று எடுத்த படம், எல்லாம் இருக்கும். பிலிமுக்குக் காசு கொடுக்க யோசித்த காலம் அது, ஆள் இல்லாத ஒரு தெருவையோ கித்தா (ரப்பர்) மரத்து நிரையையோ எடுத்துக் காசை வீணாக்க யாருக்கு மனசு வரும்? அதனால் நம் தோட்டங்களும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால்தான் பாக்கி இருக்கின்றன.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெண் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்காகப் பழைய படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி ஆசைப்பட்டுக் கேட்டது தான் வாழ்க்கைப்பட்டு வந்த லயத்து வீட்டை. "அங்கிள், உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று என்னிடமும் வந்தாள். என்னிடம் இல்லை. உறவுக்காரர் வீடு வீடாகத் தேடி, கடைசியில் கிடைத்தது எழுபதுகளில் எடுத்த ஒரு கல்யாணப் படம். கலர் முழுக்கச் சிவந்துபோய்விட்டது, அந்தக் காலத்துக் கலர் படங்களில் நீலம் கொடுக்கும் சாயம் முதலில் வெளுத்துவிடும், மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும்தான். மாலையும் கழுத்துமாகப் பொண்ணு மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் இடது தோளுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு, தார் பூசிய பலகைச் சுவர், இரண்டு சிமெண்டுப் படி, படி ஓரத்தில் கவிழ்த்து வைத்த ரப்பர் பால் வாளி. பாட்டி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. அந்தக் கட்டைவிரல் அகலத்திலேயே கண்ணை வைத்திருந்தார். பக்கத்து வீட்டு முருங்கை மரம் இதில் வரவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில்தான் 1877-ல் வந்த ரப்பர் கன்றுகளை நட்டார்கள், அந்த முதல் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. 1948 ஜூன் 16-ல் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் எங்கள் சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலைப் பார்த்துத்தான் அவர் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், பால்மரம் சீவுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். இத்தனை வரலாறு நடந்த மண்ணில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் எப்படி இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, ஸ்டோரிலிருந்து லயத்துக்கு வரும் செம்மண் பாதை எங்கே வளைந்தது என்று கேட்டால் நாம் வாயால் சொல்லத்தான் முடிகிறது, காட்ட முடியவில்லை.

தோட்டத்தைப் படம் எடுத்தவர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் கடை வைத்திருந்த ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனி, மேடானில் இருந்த கிளைன்குரோத்தே என்று நூறு வருடத்துக்கு முன்னாலேயே பெரிய கண்ணாடித் தகட்டுக் கேமராக்களோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படங்கள் முதலாளி பார்க்க விரும்பியதைக் காட்டும் படங்கள். காடு வெட்டிய நிலம், நேர்கோட்டில் மரம், பங்களா, தொழிற்சாலை. நம் ஆள் அதில் வந்தால் மரம் எவ்வளவு உயரம் என்று காட்டத்தான் வருவார். லயத்து வாசலில் நின்று தோட்டத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சரி, போன் இருக்கிறதே, அதில் எடுத்தால் போதாதா, எதற்குப் பிலிம் என்று கேட்பீர்கள். போனில் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் போனில் எடுத்த படங்கள் இப்போது உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். போன் உடைந்தது, கணக்கின் கடவுச்சொல் மறந்தது, வாட்ஸ்அப்பில் வந்து வந்து படம் மங்கியது. நெகட்டிவ் அப்படியில்லை. அது கையில் பிடிக்கிற பொருள். எந்த இயந்திரமும் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதிலும் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளி, சாயம் கிடையாது. ஒழுங்காகக் கழுவி, ஈரம் படாமல் வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும். இன்னொன்று, 36 படம்தான், அதற்கும் காசு. ஒரு சுருள் விலைக்கு ஒரு குடும்பமே உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டு எழலாம். அதனாலேயே எங்கே நிற்பது, எதை உள்ளே விடுவது என்று பார்த்துவிட்டுத்தான் விரல் பட்டனுக்குப் போகிறது. இடத்தைப் படமெடுக்க அந்த நிதானம் வேண்டும்.

பிலிம் செத்துப்போய்விட்டது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்புக் கேட்டது உண்மை, ஆனால் பிலிம் போடுவதை நிறுத்தவில்லை. கைவிட்ட எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமை 2018-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இல்ஃபோர்ட் எச்பி5 கறுப்பு வெள்ளைப் பிலிம் இன்னும் வருகிறது. 2024-ல் பென்டாக்ஸ் புதிதாகவே ஒரு பிலிம் கேமராவை வெளியிட்டது, ஒரு சுருளில் 72 அரைப்படம் எடுக்கலாம். ஆக, பொருள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. எங்கள் வட்டாரத்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது, பெயர் வேண்டாம். சுற்றியுள்ள தோட்டத்துக் கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி நிகழ்ச்சிப் பிலிமெல்லாம் அங்கேதான் கழுவினோம். கடையை மூடும்போது நெகட்டிவ் பெட்டிகளைப் பின்சந்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் மழை. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டையாக இருந்தன, பிலிமின் மேலே பூசியிருப்பது ஜெலட்டின் அல்லவா, நனைந்து காய்ந்தால் அப்படித்தான், பிரிக்கப் போனால் படம் உரிந்து அடுத்ததன் முதுகில் ஏறிவிடும். பெட்டியின் அடியில் கிடந்ததிலிருந்து வினிகர் வாடை அடித்தது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பழைய அசிடேட் பிலிம் கெட்டுப்போகும்போது வருகிற வாடை அது. நடுவில் இருந்த கொஞ்சத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்தப் பெட்டிகளில் எத்தனை தோட்டங்கள் தோளுக்குப் பின்னால் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது பிள்ளைகள் செய்வதும் ஏறக்குறைய அதேதான், தெரியாமல் செய்கிறார்கள். பிலிமைக் கடைக்கு அனுப்புகிறார்கள், ஸ்கேன் செய்த படம் போனுக்கு வந்துவிடுகிறது, நெகட்டிவை வாங்கப் போவதே இல்லை. கடைக்காரர் எத்தனை நாள் வைத்திருப்பார்? இடம் போதாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார். அப்படிப் போட்டுவிட்டால் உங்களிடம் இருப்பது போன் படம்தான், பிலிமுக்குக் கொடுத்த காசு வீண். தயவுசெய்து நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுவார்கள். அமிலம் இல்லாத உறையில் ஆறு ஆறு படமாக வெட்டிப் போட்டு, உறை மேலே பென்சிலால் ஊர், தோட்டம், டிவிஷன் (தோட்டப் பிரிவு), தேதி எழுதுங்கள். சாதாரணப் பேனா மை ஊறிப் போகும், பென்சில் போகாது. கேமராவையும் நெகட்டிவையும் மரப்பீரோவில் துணிக்குள் சுற்றி வைக்காதீர்கள், லென்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே பெரும்பாலும் போதும்.

எடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நம் ஊர் வெயிலுக்குப் பழகிய கையால் சொல்வது. பத்து மணிக்கு மேலே நாலு மணி வரைக்கும் வெயில் தலைக்கு நேரே நிற்கும், தகரக் கூரை வெளுத்துவிடும், கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதை கறுத்துவிடும். சூரியன் ஏழு, ஏழேகாலுக்குத்தான் எழுகிறது, ஏழரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம், அப்புறம் சாயங்காலம் ஐந்தரைக்கு மேலே. ராத்திரி மழை பெய்த மறுநாள் காலை தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கி நிற்கும், அதை விடாதீர்கள். வெட்டவெளியில் 400 வேகப் பிலிமுக்கு லென்ஸ் துவாரம் எஃப் 16, நேரம் 1/500 வினாடி என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அதே பிலிமோடு செம்பனைக்கு அடியில் நுழைந்தால் எஃப் 2.8, 1/125, சில இடத்தில் 1/60 கூட வேண்டியிருக்கும். ஓலை இடுக்கில் தெரிகிற வானத்தை வெளிச்சம் அளக்கும் மீட்டர் பார்த்து ஏமாந்துவிடும், அதனால் கேமராவைத் தாழ்த்தி நிழலை அளந்துவிட்டு எடுங்கள். கலர் நெகட்டிவுக்கு வெளிச்சம் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூடினால் ஒன்றும் ஆகாது, குறைந்தால் நிழலெல்லாம் சேறு மாதிரி வரும்.

கறுப்பு வெள்ளையில் ஒரு மஞ்சள் ஃபில்டர் போட்டால் வானம் கொஞ்சம் இறங்கி மேகம் எழுந்து வரும், இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அது போதும். சிவப்பைப் போட்டால் செம்பனை கறுத்துப்போகும். பச்சை ஃபில்டர் ஓலையை வெளிச்சமாக்கிக் காட்டும், நம் தோட்டங்களுக்கு நான் கைவசம் வைத்திருப்பது அதைத்தான், கடையில் கேட்டால் யாரும் வாங்குவதில்லை என்பார்கள், தேடி வாங்குங்கள்.

ராத்திரி ஊரையும் எடுங்கள். பெரிய ரோட்டில் கடை அடைத்த பிறகு அஞ்சடி விளக்கு மட்டும் எரியும், ஒட்டுக்கடை மூடாமல் இருக்கும், முக்காலி வைத்து எடுத்தால் அவ்வளவு அழகு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் குறைந்து நேரம் நீண்டால் பிலிம் சோர்ந்துவிடும். எச்பி5-க்கு மீட்டர் 10 வினாடி சொன்னால் ஏறத்தாழ 20 வினாடி கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே கழுவுகிற பிள்ளைகள் வெளிநாட்டுக்காரர் சொல்லும் 20 பாகையைப் பார்த்து ஐஸ் கட்டி வாங்கித் திண்டாடுகிறார்கள். நம் குழாய்த் தண்ணீர் 27, 28 பாகையில் வருகிறது. இல்ஃபோர்ட் ஐடி-11 டெவலப்பர் மருந்தை அப்படியே ஊற்றினால் எச்பி5-க்கு 20 பாகையில் ஏழரை நிமிடம், நம் தண்ணீர்ச் சூட்டில் அது ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய்விடும், அவ்வளவு குறைந்தால் படம் சீராக வராது. அதனால் மருந்தும் தண்ணீரும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். 20 பாகையில் 13 நிமிடம் பிடிக்கிற கலவை அது, சூட்டுக்கு ஏற்றபடி அட்டவணையைப் பார்த்துக் குறைத்தாலும் நிதானமாகக் கழுவ நேரம் இருக்கும். கடைசிக் கழுவலில் அவசரப்படாதீர்கள், படத்தை நிலைக்கச் செய்யும் பிக்ஸர் மருந்து மிச்சம் நின்றால் சில வருடத்தில் படம் பழுக்கும்.

எதை எடுப்பது? கோபுரம், பங்களா என்று பெரியதையே தேட வேண்டாம். பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்கு வருகிறவர்கள் கோட்டையை எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில் கட்டியவர்கள் சுதையில் நிறுத்தி வைத்த தொப்பிக்கார வெள்ளைக்காரரைச் சிலர்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். தோட்டத்து முச்சந்தி முனியாண்டி, பூட்டிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளியின் மணி மேடை, கள்ளுக்கடை இருந்த கொட்டகை, மறு நடவுக்காக விஷ ஊசி போட்டுச் சாய்த்த செம்பனை நிரை, பசாரில் வெற்றிலைக் கடை, பேருந்து நிற்காத பேருந்து நிறுத்தம், இதெல்லாம் எடுங்கள். ஒரே இடத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பி நாலு படம் எடுங்கள், முருங்கை மரம் வெளியே போய்விடக் கூடாது. அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போய் அதே நாலு.

தோட்டம் தனியார் நிலம், அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் கிராணியிடமோ நிர்வாகியிடமோ சொல்லிவிட்டு உள்ளே போங்கள். ஆள் குடியிருக்கும் லயம் என்றால் வாசலில் நின்று குரல் கொடுத்து, இருக்கிற அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டுவிட்டு எடுங்கள், வங்காளதேசத்துத் தொழிலாளியாக இருந்தாலும் அவர் வீடு அவர் வீடுதான். தண்டவாளத்தில் இறங்கவே இறங்காதீர்கள். 2015-லிருந்து பாடாங் பெசார் வரைக்கும் மின்ரயில் ஓடுகிறது, மேலே போவது 25,000 வோல்ட் கம்பி. முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேம்பாலத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு கால் பக்கம் போதும், வாசகர் எடுத்த ஊர்ப் படம் ஒன்று, தோட்டத்துப் படம் ஒன்று போடுங்கள். கீழே ஊர், டிவிஷன், வருடம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று நாலு வரி. பிலிமில் எடுத்ததற்கு முன்னுரிமை கொடுங்கள், நெகட்டிவ் அனுப்பியவர் கையில் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள், அந்தக் கேள்விக்காகவே நாலு பேர் கடைக்குப் போய் நெகட்டிவை வாங்குவார்கள். பழைய ஸ்டூடியோ வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாகவே சொல்ல விரும்புகிறேன்: கடையை மூடுவது என்று முடிவானால் பெட்டியைப் பின்சந்துக்கு அனுப்புவதற்கு முன்னால் ஊர்க் கோயில் தலைவரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள், கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கேயும் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய பொங்கலுக்கு முன்னால் இடித்துவிடுவார்கள் என்று பேசிக்கொள்ளும் லயம் ஒன்று எங்கள் ஊருக்கு வெளியே இன்னும் நிற்கிறது. கேமரா உள்ள பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பசார் பக்கம் வந்தால் மோட்டாரில் முன்னால் போய் வழி காட்டுகிறேன். பச்சை ஃபில்டர் இல்லாதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்